எங்கள் கூடத்தில் கடலடி

எங்கள் வீடு கடலுக்கு அடியில் நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று முடிவான அன்று நான் பஸ்ஸுக்கு டீசல் போடப் போயிருந்தேன். அதனால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. வீட்டில் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது என் மனைவியின் கருத்து.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். நாங்கள் இருப்பது ஒரு பழைய கட்டடத்தின் தரைக்குக் கீழ்த்தளம். தெருவிலிருந்து சில படிகள் இறங்கினால் கூடம், அதை ஒட்டிச் சமையலறை, பின்னால் படுக்கையறை. ஜன்னல் என்று ஒன்று உண்டு. அது வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்புகளைப் பார்க்கலாம். எங்களுக்கு மேலே எல்லா மாடியிலும் ஆழ்கடல் செல்வ வாரியம். அவர்கள் கட்டடத்தை வாங்கியபோது உடைந்த நாற்காலி மேஜைகளோடு எங்களையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். வேறு வீடு பார்க்கக் கூடாதா என்று கேட்கிறவர்கள் இந்த ஊரில் வீடு தேடிப் பார்த்தவர்கள் இல்லை.

கடலின் அடித்தரையில் உருளைக்கிழங்கு அளவில் உலோகக் கட்டிகள் கொட்டிக் கிடக்கின்றனவாம். ஒரு கட்டி அந்த அளவுக்கு வளர லட்சக்கணக்கான வருஷங்கள் ஆகுமாம். அவற்றை அள்ளி வந்து நாட்டைப் பணக்கார நாடாக்குவதுதான் வாரியத்தின் வேலை. வாரியம் தொடங்கி, முதல் தலைவர் ஓய்வுபெற்று, இரண்டாம் தலைவரும் ஓய்வுபெற்று, இப்போது மூன்றாமவர் நடத்துகிறார். இதுவரை ஒரு கட்டிகூட மேலே வரவில்லை. காரணம் கேட்டால் சட்டத்தைக் காட்டுவார்கள். அள்ளுவதற்கு முன்னால், அள்ளினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். ஆராயக் கப்பல் வேண்டும். கப்பல் வாடகை கட்டுப்படியாகாது. அதோடு கப்பலைப் படத்தில் பார்த்தாலே தலைவருக்குக் குமட்டும்.

நல்லவேளையாக அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. உண்மையான இடத்துக்குப் போக முடியாவிட்டால், எல்லா வகையிலும் அதை ஒத்த இன்னோர் இடத்தில் ஆராய்ச்சியை நடத்திக்கொள்ளலாம். அதற்கு மாற்றிடம் என்று பெயர். மாற்றிடம் தேடித் தலைவர் ஊரெல்லாம் அலைந்துவிட்டு, களைத்துப்போய், தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்குள் இறங்கியிருக்கிறார்.

"இங்க வெயில் வருமாம்மா?" என்று கேட்டாராம்.

"வராதுங்க."

"காத்து?"

"அதுவும் வராதுங்க."

தலைவரின் கண் கலங்கிவிட்டதாம். என் மனைவி இதைச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டாள். "ஜன்னலைப் பெருசாக்கித் தரப் போறாருன்னு நினைச்சு எல்லாத்தையும் உண்மையாச் சொல்லித் தொலைச்சேங்க!"

அன்று சாயங்காலமே மகள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். குழந்தை அவசரப்பட்டு முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. நுரையீரல் இன்னும் சரியாக வளரவில்லை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். "எடை ஏறினதும் விட்டுடுவாங்கப்பா. எங்க வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, தையல் போட்ட வயித்தோட என்னால ஏற முடியாது. அங்கதான் வரணும். டாக்டர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. தூசி மட்டும் ஆகவே ஆகாதாம்."

"உங்கம்மா இருக்கிற வீட்டுல தூசி ஏது?" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து மூட்டை மூட்டையாகச் சலித்த களிமண் தூள் இறங்கியது. மாவு தோற்றுவிடும், அவ்வளவு நைஸ். கடலடி வண்டல் இப்படித்தான் இருக்குமாம். கூடத்திலும் படுக்கையறையிலும் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பினார்கள். அதன்மேல் சிமெண்டில் உருட்டிய கட்டிகளைத் தூவினார்கள். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே சிவப்பு நாடா கட்டினார்கள். கூடம் சுரங்கப் பகுதி. படுக்கையறை ஒப்பீட்டுப் பகுதி. கூடத்தைக் கிளறினால் படுக்கையறை கெடுகிறதா என்று பார்ப்பார்களாம்.

"அப்ப நாங்க எங்க இருக்கிறது?" என்று கேட்டாள் என் மனைவி.

"தாராளமா இங்கேயே இருங்கம்மா," என்றார் தலைவர். "நீங்கதான் இந்த இடத்தோட இயற்கையான உயிரினம். நீங்க போயிட்டா ஆராய்ச்சியே செல்லாது."

நடப்பதற்கு மட்டும் இரண்டு பலகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். பெருக்கக் கூடாது, துடைக்கக் கூடாது, மின்விசிறி போடக் கூடாது. கடலடியில் மின்விசிறி கிடையாதாம். நான் பலகையின்மேல் தட்டுத் தடுமாறி நடந்து போய்க் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் எடுக்கக் கிளம்பினேன். பிள்ளைகள் என்னைப் பார்த்து, "அங்கிள், மாவு மில்லுல வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

தொடக்க விழா எங்கள் கூடத்தில்தான் நடந்தது. வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கும் நிற்க ஒரு பலகை கிடைத்தது. ஒலிபெருக்கி தேவையில்லாத அளவுக் கூடம். இருந்தாலும் வைத்தார்கள்.

"கடலடியை நாம் அழித்துவிடுவோம் என்று சிலர் அஞ்சுகிறார்கள்," என்று தலைவர் தொடங்கினார். "அவர்களைப் பணிவோடு கேட்கிறேன். அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியுமா? தெரியாது. எத்தனை இருக்கின்றன? அதுவும் தெரியாது. இருப்பதே தெரியாத ஒன்றை எப்படி ஐயா அழிக்க முடியும்? அழித்தால்தான் யாருக்குத் தெரியும்?"

கைதட்டலில் கொஞ்சம் தூசி எழுந்தது. அதை வாரியத்தின் சுற்றுச்சூழல் அலுவலர் குறித்துக்கொண்டார்.

பிறகு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். கன்றுக்குட்டி உயரம், கீழே பட்டைச் சக்கரம், முன்னால் வாய், பின்னால் ஒரு நீளக் குழாய். முன்வாய் கட்டிகளை உறிஞ்சும். கட்டியோடு வருகிற தூளைக் குழாய் வெளியே துப்பும். உண்மையான கடலில் இந்தக் கழிவை அடியிலும் விடாமல் மேலேயும் விடாமல் நடுத்தண்ணீரில் விடுவார்களாம். எங்கள் வீட்டில் நடுத்தண்ணீர் என்பது சமையலறை அடுப்புக்கு நேர் மேலே என்று அளந்து முடிவு செய்து, குழாயை அங்கே கட்டித் தொங்கவிட்டார்கள். தலைவர் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் சிமெண்டுக் கட்டிகளையும், என் செருப்பில் ஒன்றையும், டி.வி. ரிமோட்டையும் விழுங்கிக்கொண்டு முன்னேறியது. அடுப்பில் பொங்கி வந்துகொண்டிருந்த பால் அரை நிமிஷத்தில் சேறானது.

என் மனைவி அன்றைக்குத்தான் இருமத் தொடங்கினாள்.

சுற்றுச்சூழல் அலுவலர் மென்மையான பெண்மணி. கண்ணாடி போட்டுக்கொண்டு, பாதம் நோகாமல் பலகையில் நடப்பார். என் மனைவிக்கு அவரைப் பிடித்திருந்தது. ஒருநாள் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து நியாயம் கேட்டாள்.

"இந்த இருமல் தூசியாலதானேம்மா வருது?"

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா. தூசி வர்றதுக்கு முன்னாடி நீங்க எவ்வளவு இருமினீங்கன்னு எங்ககிட்ட பதிவு இல்லையே."

"இருமவே இல்லைம்மா!"

"அதுக்கும் பதிவு இல்லை." அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே வருத்தமாகத்தான் இருந்தது அவர் முகம். "எனக்குக் கவலை இல்லாம இல்லைம்மா. ஆனா என் கவலையை அளக்கிறதுக்கு வாரியத்துல கருவி கிடையாது. அளக்க முடியாததை எழுதினா என்னை மாத்திடுவாங்க."

அவர் கண்ணில் படுகிற உயிர்களையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் அலமாரிக்குப் பின்னால் இருந்த கரப்பான்பூச்சி, களிமண் தூளில் புரண்டு வெள்ளையாக வெளியே வந்தபோது, இதுவரை உலகம் அறியாத இனம் என்று முடிவு செய்து அதற்குத் தலைவரின் பெயரை வைத்தார்கள். தலைவர் நெகிழ்ந்துபோய் அதனோடு படம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதை அடிக்க எங்களுக்கு உரிமை இல்லாமல் போயிற்று. எங்கள் இருவரையும் "மெதுவாக நகரும் பெரிய உயிர்கள், ஒன்று ஒலி எழுப்புகிறது" என்று பதிவு செய்திருந்தார்கள். ஒலி எழுப்பாத உயிர் நான்.

இதற்கிடையில் விலைக்காரர் வேறு. அவர் வாரியத்தின் பொருளாதார நிபுணர். விலைக்காரர் என்பது என் மனைவி வைத்த பெயர். மாடிப்படியில் நின்றுகொண்டு உலகச் சந்தையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "விலை ஏறிடுச்சு!" என்று கத்தினால் இயந்திரம் ஓடும். "இறங்கிடுச்சு!" என்றால் நிற்கும். என் மனைவி அந்தக் குரலை வைத்துத்தான் உலை வைப்பாள், உலை இறக்குவாள். ஒரே காலையில் ஐந்தாறு முறை ஏறி இறங்கிய நாளெல்லாம் உண்டு. அன்றைக்கு நாங்கள் பழம் தின்று பசியாறினோம்.

"இந்த உலோகத்துக்கு அப்படி என்ன சார் தேவை?" என்று ஒருநாள் அவரைக் கேட்டேன்.

"பேட்டரிக்குங்க. உலகமே பேட்டரியில ஓடப் போகுது. உங்க பஸ்கூட."

"அப்ப கண்டிப்பா விலை போகும்னு சொல்லுங்க."

"இந்த உலோகம் இல்லாமலே பேட்டரி செய்யக் கத்துக்கிட்டாங்கன்னா போகாது."

"கத்துக்கிட்டாங்களா?"

"ஓரளவுக்குக் கத்துக்கிட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. நாம அள்ளி மேல கொண்டு வந்தா, சந்தையில சரக்கு அதிகமாகி விலை விழுந்துடும். அள்ளாம இருந்தா விலை நிக்கும். அதனால அள்ளப் போறோம் அள்ளப் போறோம்னு சொல்லிக்கிட்டு அள்ளாம இருக்கிறதுலதான் லாபம். இத்தனை வருஷமா வாரியம் லாபத்துல நடக்கிறது அப்படித்தான்."

எனக்குத் தலை சுற்றியது. பஸ் ஓட்டாமல் இருந்தால் எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

மகள் தினமும் பேசினாள். குழந்தையின் எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. ஏற ஏற எங்களுக்குச் சந்தோஷம். ஏற ஏற அது வீட்டுக்கு வரும் நாளும் நெருங்கியது. "வீடு ரெடியாப்பா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான் போனை என் மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கி, இருமலை அடக்கி, "நீ வா கண்ணு" என்று மட்டும் சொல்வாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அதனால் அந்த மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்வாள்.

அப்புறம் ஒருநாள் கடவுள் கண்ணைத் திறந்தார். படியில் விலைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விலை விழுந்துவிட்டது. சும்மா விழவில்லை, படுத்தேவிட்டது. இயந்திரத்தை நிறுத்தி, குழாயைச் சுருட்டினார்கள். நான் பஸ்ஸை நிறுத்திவிட்டு வரும் வழியில் பினாயில் புட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் இறங்கினால் என் மனைவி கையில் துடைப்பத்தோடு நிற்கிறாள். எதிரே சுற்றுச்சூழல் அலுவலர் கையை விரித்து மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"சுரங்கம்தான் முடிஞ்சதும்மா. மீட்சி இப்பதான் தொடங்குது."

"அப்படின்னா?"

"கிளறின இடம் தானா பழைய நிலைக்குத் திரும்புதான்னு பார்க்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"தூசி எப்படிம்மா தானாப் போகும்?"

"அதைத்தான் பார்க்கப் போறோம்."

"எத்தனை நாள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த இடத்திலேயே மறுபடி தூசி படிந்தது. வேறொரு கடலில் யாரோ எப்போதோ ஒரு தடவை உழுதுவிட்டுப் போனார்களாம். பல பத்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தத் தடம் அப்படியே இருந்ததாம். "அதனால கொஞ்சம் பொறுமையா இருக்கணும்மா," என்றார்.

அன்று மத்தியானம் மகளிடமிருந்து போன் வந்தது. குழந்தையை மறுநாள் விட்டுவிடுகிறார்கள்.

நான் மேலே போய்த் தலைவரைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரியின் முன்னால் கை கட்டாமல் நின்றேன். குழந்தை, நுரையீரல், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். தலைவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"என்ன சார் இது! இவ்வளவு நல்ல செய்தியை அழுதுக்கிட்டே சொல்றீங்க? கிளறின இடத்துக்குப் புது உயிர் வந்து குடியேறுறதுதான் மீட்சியோட முதல் அறிகுறி. குழந்தை தாராளமா வரட்டும். தாங்குதா இல்லையான்னு நாங்க பக்கத்துலேயே இருந்து பார்த்துக்கிறோம். தூசியை மட்டும் தொட்டுடாதீங்க."

கீழே வந்து இதை அப்படியே மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை, முப்பது வருஷப் பழக்கம். அன்று அவள் கத்தவில்லை. மேலே வாரியத்தின் கதவுகளைப் பூட்டி எல்லோரும் வீட்டுக்குப் போகிற சத்தம் கேட்கும் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வாளியை எடுங்க," என்றாள்.

முதலில் தூள் பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்தோம். அள்ளி மூட்டை கட்டினோம். பரண், அலமாரி, விளக்கு, சுவர் மூலை என்று மேலிருந்து கீழாக ஈரத்துணியால் துடைத்தாள். மெத்தையைத் தெருவில் போட்டு நான் அடித்தேன். சிவப்பு நாடாவை அவிழ்த்து அதாலேயே மூட்டைகளின் வாயைக் கட்டினாள். தரையைக் கழுவிக் கழுவி, கால் வைத்தால் வழுக்குகிற அளவுக்குக் கழுவினோம். தலைவர் பெயர் கொண்ட கரப்பான்பூச்சி தண்ணீரோடு வெளியே வந்தது. என் மனைவி அதைச் செருப்பால் அடித்தாள். பிறகு இன்னொரு தடவையும் அடித்தாள்.

காலையில் மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு வந்து இறங்கினார்கள். ஒரு துண்டில் சுற்றிய கைப்பிடி அளவு உயிர். என் மனைவி வாங்கிக்கொண்டு அதன் மூச்சைக் காது வைத்துக் கேட்டாள். பிறகு அவர்களைப் படுக்கையறையில் விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், போலீசைக் கூப்பிடுவார்கள், எது வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தலைவர், சுற்றுச்சூழல் அலுவலர், விலைக்காரர் மூவரும் மீட்சியின் முதல் நாள் நிலவரம் பார்க்க வந்தார்கள். படியிலேயே நின்றுவிட்டார்கள். பளிங்காக மின்னிய தரையைத் தலைவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். தொட்ட விரலைப் பார்த்தார். சுற்றுச்சூழல் அலுவலர் தன் பையிலிருந்து, தூள் கொட்டுவதற்கு முன்பு எடுத்திருந்த படத்தை வெளியே எடுத்து, படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியே இருக்கு சார்," என்றார். "துளி வித்தியாசம் இல்லை."

"ஒரே நாளில்!" தலைவரின் குரல் தழுதழுத்தது. "உலகமே பல பத்து வருஷம் ஆகும்னு பயமுறுத்திக்கிட்டு இருக்கு. நம்ம கடலடி ஒரே நாளில் தானாச் சரியாயிடுச்சு!"

"தானா இல்லைங்க சார்," என்றேன் நான். "இவ பெருக்கினா."

"நான்தான் பெருக்கினேன்," என்றாள் அவளும்.

சுற்றுச்சூழல் அலுவலரின் பார்வை மூலையில் ஈரத்தோடு சாத்தியிருந்த துடைப்பத்தின்மேல் விழுந்தது. அவர் வாயைத் திறந்தார். தலைவரைப் பார்த்தார். மூடிக்கொண்டார். "அவங்களை நாம உயிரினக் கணக்குலதான் சேர்த்திருக்கோம் சார்," என்றார் மெல்ல. "அப்படிப் பார்த்தா, இது இயற்கையாவே நடந்ததுதான்."

விலைக்காரர் தன் போனைத் தூக்கிக் காட்டினார். "இன்னைக்குக் காலையில விலையும் எழுந்து உக்காந்திருக்கு சார். மறுபடி படுக்கிறதுக்குள்ள அள்ளிட்டா லாபம்."

தலைவர் அங்கேயே நின்று, எங்கள் கூடத்திலிருந்தே, துறைமுகத்துக்குப் பேசினார். ஆராய்ச்சி முடிந்தது, சேதம் என்பதே இல்லை, பெரிய இயந்திரங்களைக் கப்பலில் ஏற்றலாம் என்றார். வாடகை எவ்வளவு ஆனாலும் பரவாயில்லையாம். அவர் போகப் போவதில்லையாம்.

அவர் பேசி முடிக்கும் வரை என் மனைவி காத்திருந்தாள்.

"ஐயா, அங்க யாரு பெருக்குவாங்க?"

"எங்கம்மா?"

"கடலுக்கு அடியில."

தலைவர் சிரித்தார். நல்ல மனிதர் சிரிக்கிற சிரிப்புத்தான். "அங்க பெருக்க வேண்டிய அவசியமே இல்லைம்மா. அங்க யாரும் போய்ப் பார்க்கப் போறதில்லையே!"

எங்கள் இருவருக்கும் கை கொடுத்துவிட்டு மூவரும் படியேறிப் போனார்கள். எங்களை யாரும் திட்டவில்லை, வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. அந்த வருஷம் வாடகைகூட ஏறாது என்று விலைக்காரர் படியிலிருந்து திரும்பிச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது.

என் மனைவி கழுவின தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் இருமினாள்.

"நாம பெருக்காம விட்டிருந்தா அந்தக் கடல் தப்பிச்சிருக்குமாங்க?" என்று கேட்டாள்.

உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. நல்ல கணீரென்ற அழுகை, மூச்சு முட்டாத அழுகை.

"பெருக்காம விட்டிருக்க முடியுமா?" என்றேன்.

"முடியாது," என்று சொல்லிவிட்டு எழுந்து குழந்தையிடம் போனாள்.